பத்துக்கு நாலு

"காளி மாறவில்லை. அதனால்தான் தங்கையைக் கொடுக்கிறான்."

அந்த விடைத்தாளில் உருப்படியான வரிகள் இந்த இரண்டுதான். கேள்வி: 'முள்ளும் மலரும்' (1978) படத்தில் ரஜினி நடித்த காளியின் குணத்தை ஆதாரத்தோடு ஆராய வேண்டும், 10 மதிப்பெண். மீதி ஒன்றரைப் பக்கமும் கதைச் சுருக்கம். நாலு இடத்தில் காளி 'களி' ஆகியிருந்தான். பாலக்கோட்டுப் பக்கத்துப் பையன், கேழ்வரகுப் பழக்கம் என்று விட்டுவிடலாம். 4 போட்டு, ஓரத்தில் 'விளக்கம் போதாது' என்று எழுதினேன்.

தாளைக் கொடுத்த அன்று வந்து நின்றான். "ஆதாரம் எழுதியிருக்கேனே சார். கடைசியில இன்ஜினியர்கிட்ட அவனே சொல்றான், இப்பவும் உங்கள எனக்குப் பிடிக்கலன்னு. அதுக்கு மேல நான் என்னத்த விளக்கறது?"

"அவன் சொன்னது ஆதாரம்ப்பா. அதுல இருந்து உன் முடிவு எப்படி வருதுன்னு நீதான் சொல்லணும்."

சரியான பதில்தான். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். 'பிடிக்கல' என்ற அந்தப் பேச்சை இரண்டு விதமாக எடுக்கலாம்: பகை தீராதவன் பேச்சு, அல்லது உள்ளுக்குள் இளகிவிட்டு வெளியே விட்டுக்கொடுக்காதவன் பேச்சு. எது என்பதைக் காட்சி நடக்கும் வரிசைதான் தீர்க்கும். கை போய், வேலையும் போனவன் காளி. தன் மேலதிகாரியான அந்த இன்ஜினியருக்குத் தங்கை வள்ளியைத் தர மறுத்தவன். அவரோடு கல்யாணத்துக்குக் கிளம்பிய வள்ளி, வழியில் எல்லோரையும் விட்டுவிட்டு அண்ணனிடம் வருகிறாள். அவன் அதை ஊர் முன்னால் பெருமையடித்துக்கொள்கிறான். அதற்கப்புறம்தான் கொடுக்கிறான். அவள் வருமுன்பே கொடுத்திருந்தால் அது தோல்வி. வந்தபின் கொடுப்பதால், தங்கைக்குத் தானே முதல் ஆள் என்கிற அவனுடைய ஒரே பிடிவாதம் ஏற்கெனவே ஜெயித்துவிட்டது. இன்ஜினியர் மேல் வெறுப்பு தீரவேண்டிய அவசியமே இல்லை. பையன் எழுதிய 'அதனால்தான்' என்ற சொல்லுக்குள் இவ்வளவும் இருக்கிறது. இதில் ஒரு வரிகூடத் தாளில் இல்லை.

விளக்கம் காணாமல்போகும் இடம் பெரும்பாலும் 'காட்டுகிறது' என்ற சொல்தான். 'இது அவன் பாசத்தைக் காட்டுகிறது' என்று எழுதியதும் வேலை முடிந்ததாகப் பேனா நின்றுவிடும். அந்தச் சொல்லை அடித்துவிட்டு 'ஏனென்றால்' என்று தொடங்கச் சொன்னால் பாதிப் பேருக்கு அடுத்த வரி வரும். ஒரு காட்சிக்கு, நடந்ததைச் சொல்ல இரண்டு வரி போதும். விளக்கத்துக்கு ஐந்தாறு வரி. அதில் ஒன்றாவது, அதே காட்சியை வேறு விதமாக எடுப்பவருக்குப் பதில் சொல்ல வேண்டும். மூன்று காட்சியை அடுக்குவதைவிட ஒன்றைக் கடைசிவரை பிடித்துக்கொண்டு போவது மேல். எழுதியபின் காட்சியைச் சொல்லும் வரிகளைக் கையால் மறைத்துப் பார்க்கலாம்: மிச்சம் இருப்பது எந்த அண்ணன் தங்கை படத்துக்கும் பொருந்துமென்றால் அது விளக்கம் ஆகாது. 'ரஜினி கொடுக்கிறார்' என்று எழுதுவது தனிக் கதை. குணம் காளியுடையது.

நான் வைத்திருந்த கணக்கு: கருத்துக்கு 2, ஆதாரத்துக்கு 3, விளக்கத்துக்கு 5. அவனுக்குக் கருத்து 2, ஆதாரம் 2, விளக்கம் சுழி. கூட்டல் சரி.

ஆனால் அதே விடைத்தாள் கட்டுக்குள், 'காளி மனம் திருந்திவிட்டான்' என்று எழுதி, காட்சி சொல்லி, 'ஏனென்றால்' போட்டு ஒழுங்காக விளக்கியவர்களுக்கு 7 விழுந்தது. அந்த 'பிடிக்கல'யை அவர்களில் ஒருவரும் தொடவில்லை. அவர்கள் முடிவுக்கு இடைஞ்சலான ஒரே பேச்சு அது. கருத்துக்கு 2 என்பது குறைச்சலோ? கூட்டினால், இவன் மாதிரி இரண்டு வரி எழுதிவிட்டு எல்லோரும் வந்து நிற்பார்கள். அவர்களில் யார் யோசித்து எழுதினார்கள், யாருக்குக் குருட்டாம்போக்கில் விழுந்தது என்று தாளைப் பார்த்து எப்படிச் சொல்வது? இவனையே கூட அப்படித்தான் கேட்க வேண்டியிருக்கிறது. "அண்ணன்னா அப்படித்தான் சார்" என்று சொல்லிவிட்டுத்தான் தாளை எடுத்துக்கொண்டு போனான். அது விளக்கமா, விளக்கத் தெரியாமல் சொன்னதா?

அடுத்த வகுப்புக்கு மாதிரி விடை தயாரித்தேன். முதல் இரண்டு வரி அவனுடையவை. மதிப்பெண் பட்டியலில் 4தான் இருக்கிறது.