நயினை அம்மனிடம் போகும் கடல்வழி

நாகபூசணி அம்மன் கோயில் இருக்கும் நயினாதீவுக்குப் பாலம் இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலத்தைத் தாண்டி வேலணை, புங்குடுதீவு என்று ஓடும் 776ஆம் இலக்க பஸ் குறிகட்டுவான் இறங்குதுறையில் நின்றுவிடும். அதற்கே ஒன்றரை மணி நேரம் வேண்டும். பிறகு மோட்டார் வள்ளத்தில் சுமார் 20 நிமிடம்.

காலையிலேயே கடலைக் கடந்துவிடுவது நல்லது. 16 நாள் திருவிழா நடக்கும் ஆனியில் சோளகக் காற்று பலமாக இருக்கும், வள்ளம் நன்றாக ஆடும். உள்ளறையில் இருந்தால் நனையமாட்டீர்கள். ஆனால் அங்கே காற்றோட்டம் குறைவு, டீசல் வாடை வேறு. குமட்டல் உள்ளவர்கள் வாசலோரமாக இருக்கப் பாருங்கள். அருச்சனைச் சாமான்களைத் தோள்பையில் போட்டுக்கொள்ளுங்கள். அலையில் வள்ளம் துறைப்படிக்குச் சமமாக உயரும் கணத்தில்தான் கால் வைக்க வேண்டும். பிடித்துக்கொள்ள இரண்டு கையும் வெறுமையாக இருக்க வேண்டும்.

தீவில் இறங்குதுறை இரண்டு: ஒன்று அம்மன் வாசலில், மற்றது பௌத்தர்களின் நாக விகாரையருகே. வள்ளம் எதற்குப் போகிறது என்று கேட்டு ஏறுங்கள். மாறி இறங்கினாலும் பாதகமில்லை, நடக்கிற தூரம்தான்.

அருகிலுள்ள புளியந்தீவிலிருந்து பூவைக் கவ்விக்கொண்டு அம்மனை வழிபட நீந்தி வந்த நாகத்தைக் கருடன் மறித்ததாம். அவ்வழியே கப்பலில் வந்த வணிகர் ஒருவர் இடையில் புகுந்து, தம் பொருளையெல்லாம் செலவிட்டு அம்மனுக்குக் கோயில் எழுப்பச் சம்மதித்து நாகத்தைக் காத்தார் என்பது தலவரலாறு. பாம்பு சுற்றிய கல்லும் கருடன் கல்லும் இன்றும் கடலோரத்தில் காட்டப்படுகின்றன. நாகதோஷம் நீங்கவும் பிள்ளை வரம் கேட்டும் வருகிறவர்களுக்கு இந்தக் கதையே ஆறுதல்.

ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகலாம். வேட்டியும் சால்வையும் கொண்டுபோனால் சிரமமில்லை. 108 அடி இராசகோபுரம் 2012இல் எழுந்தது. கோயில் மிகப் பழையது. போர்த்துக்கேயர் இடித்த பின் 18ஆம் நூற்றாண்டில் மீண்டும் கட்டப்பட்டது.

கோபுரத்தைப் படம் எடுப்பவர்கள் பலரும் கவனியாமல் போவது கோயிலிலுள்ள, பொலன்னறுவை மன்னன் முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டை. 12ஆம் நூற்றாண்டு ஆணை அது. யானை, குதிரை ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் காற்பங்கு அரச பண்டாரத்துக்கு (கருவூலத்துக்கு), முக்காற்பங்கு உடையவனுக்கு. சரக்குக் கப்பல் உடைந்தால் சரிபாதி. ஊராத்துறைக்கு (இன்றைய ஊர்காவற்றுறை) வரும் பரதேசிகளை, அதாவது பிறநாட்டாரை, காக்க வேண்டும் என்றும் சொல்கிறது. தலவரலாற்றில் வரும் வணிகரைப் போன்றவர்கள் இந்தக் கடலில் எத்தனை ஆபத்தோடு வந்து போனார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். நின்று பார்த்துவிட்டு வாருங்கள்.

உச்சிப் பூசை முடிந்ததும் அன்னதானம். மண்டபத்தின் பெயர் அமுதசுரபி. மணிமேகலைக்கு அந்தப் பாத்திரம் கிடைத்த மணிபல்லவம் இதுவே என்பது தீவார் நம்பிக்கை. இலையில் சோற்றை மீதம் விடாதீர்கள். அந்த அரிசியும் மரக்கறியும் நீங்கள் வந்த அதே கடலைக் கடந்து, மூட்டை மூட்டையாகத் தோளில் இறக்கப்பட்டவை.

இறங்கியவுடனேயே கடைசி வள்ளம் எத்தனை மணிக்கு என்று ஓட்டியிடம் கேட்டுவிடுங்கள். காற்று மாறினால் அதுவும் முந்திவிடும். திரும்பும்போது துறையில் நோயாளியோ கைக்குழந்தைக்காரரோ நின்றால் அவர்களை முதலில் ஏறவிடுங்கள். தீவாருக்கு ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியும் இந்த வள்ளம்தான்.