நர்ஸ் சம்பளத்துக்கு யாரிடம் கேட்பது? கரூரில் நான்கு வருட அனுபவம்

கரூரில் அன்னதானத்துக்கு என்று கேட்டால் பொழுது சாய்வதற்குள் அரிசி மூட்டை வந்து இறங்கிவிடும். கும்பாபிஷேகத்துக்குக் கேட்டால் லட்சங்களில் எழுதுவார்கள். நர்ஸுக்கு மாதச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்று கேட்டால், "அதெல்லாம் கவர்மென்ட்டு பாத்துக்கறதில்லீங்களா?" என்பார்கள். கொடுக்கும் மனசுக்கு இந்த ஊரில் குறைவே இல்லை. கண்ணுக்குத் தெரிகிற பொருளுக்குக் கொடுத்துப் பழகியவர்கள், அவ்வளவுதான்.

படுத்த படுக்கையாகிவிட்ட புற்றுநோயாளிகளையும் பக்கவாதம் வந்தவர்களையும் வீடு தேடிப்போய்ப் பார்ப்பதுதான் எங்கள் டிரஸ்ட்டின் வேலை. மூன்று நர்ஸ், ஒரு ஆம்னி வேன், வாரத்தில் இரண்டு நாள் வரும் டாக்டர். கூட்டுறவு வங்கியிலிருந்து ஓய்வு பெற்று, 2021 கடைசியில் நான் செயலாளர் பொறுப்பை ஏற்றேன். அப்போது இருந்த பணம் நான்கு மாதச் சம்பளத்துக்குத்தான் காணும். நன்கொடை எல்லாம் ஐநூறும் ஆயிரமுமாக வந்துகொண்டிருந்தது.

முதலில் நான் ஓடியது கம்பெனிகளின் சிஎஸ்ஆர் பணத்துக்கு, அதாவது சமூகப் பணிக்கென்று பெரிய கம்பெனிகள் சட்டப்படி ஒதுக்க வேண்டிய பணத்துக்கு. அதற்கு சிஎஸ்ஆர்-1 படிவத்தில் பதிவு செய்து எண் வாங்க வேண்டும். வாங்கினோம். சென்னையில் ஒரு பெரிய கம்பெனிக்கு விண்ணப்பித்து, எட்டு மாதம் மின்னஞ்சல் போய் வந்து, கடைசியில் இல்லை என்றார்கள். உள்ளூரில் கேட்கலாம் என்று போனபோதுதான் எங்கள் ஆடிட்டர் ஒன்றைப் புரியவைத்தார். சிஎஸ்ஆர் சட்டம் கம்பெனிச் சட்டத்தின் கீழ் பதிவானவர்களுக்கு மட்டும்தான். அதிலும் 500 கோடி நிகர சொத்து மதிப்பு, 1,000 கோடி விற்றுமுதல், 5 கோடி நிகர லாபம், இவற்றில் ஒன்றைத் தொட்டவர்களுக்குத்தான். நான் படியேறிய ஜவுளி ஏற்றுமதி அலுவலகங்களில் பெரும்பாலானவை பார்ட்னர்ஷிப். அங்கே இருப்பது குடும்பப் பணம். அந்தப் பணத்தை எடுப்பது அண்ணன் தம்பிகள் உட்கார்ந்து பேசி முடிவெடுக்கும் விஷயம். நான் கொண்டுபோன வழவழப்பான கோப்புக்கு அங்கே வேலையே இல்லை.

பிறகுதான் எங்கள் ரசீதுப் புத்தகங்களைப் பிரித்தேன். ஆறு வருடக் கட்டு. ஒரு நீள நோட்டில் பெயர், தேதி, தொகை என்று எழுதிக்கொண்டே போனதில் பத்து நாள் ஆனது. சிலர் ஒவ்வொரு வருடமும் ஒரே வாரத்தில் கொடுத்திருந்தார்கள். அம்மாவின் திதி, அப்பாவின் நினைவு நாள். தொகை சிறியதுதான். ஆனால் ஒரு வருடமும் விட்டதில்லை. அப்படி முப்பத்தொரு பெயர் தேறியது. அதில் ஏழு பேர் பெரிய கை. அவர்களுக்கு நாங்கள் ரசீதைத் தவிர வேறு எதுவும் அனுப்பியதே இல்லை. அந்த நோட்டை வைத்துக்கொண்டு அன்று ராத்திரி எனக்கு மனசே சரியில்லை.

தனியாகப் போய்க் கேட்பதை நிறுத்தினேன். யாரிடம் கேட்கப் போகிறோமோ அவரோடு சரிக்குச் சரி பழகும் ஒருவர், ஏற்கெனவே நமக்குக் கொடுத்த ஒருவர், கூட வரவேண்டும். தீபாவளி போனஸ் போடும் மாதத்தில் போகக் கூடாது. கல்யாண முகூர்த்தம் நெருக்கும் நாட்களிலும் வேண்டாம். கேட்பதற்கு முன்னால் ஒரு நாள் வேனில் ஏற்றிக் கூட்டிப்போக வேண்டும். நோயாளியின் வீட்டில் முன்கூட்டியே அனுமதி கேட்டுவிடுவோம், போட்டோ கிடையாது.

ஒரு ஏற்றுமதியாளர் அப்படி வந்தார். வெங்கமேட்டில் ஒரு ஒற்றை அறை வீடு. கட்டிலில் இருந்த பெரியவருக்கு முதுகில் உள்ளங்கை அகலத்துக்குப் படுக்கைப் புண். நர்ஸ் அவரை ஒருபக்கமாகத் திருப்பி, புண்ணின் பழைய கட்டுத்துணியை நனைத்து நனைத்து எடுத்துக்கொண்டிருந்தார். வந்தவர் கட்டில் விரிப்பின் ஓரத்தைப் பிடித்துத் தையலைப் புரட்டிப் பார்த்தார். நீலக் கட்டம் போட்ட விரிப்பு. "இது நம்ம சரக்குங்களே" என்றார். பெரியவரின் மகள், "உங்க கம்பெனியிலதாங்கண்ணா தச்சுட்டு இருந்தேன். ரிஜெக்ட் பீஸுன்னு குடுத்தாங்க. அப்பாவப் பாக்க ஆளில்லாம நின்னுட்டேன்" என்றார்.

திரும்பும்போது திருமாநிலையூர் வரை அவர் பேசவில்லை. பிறகு, "ஒரு நர்ஸுக்கு வருசத்துக்கு எவ்வளவுங்க ஆகுது?" என்றார்.

முன்பெல்லாம் இந்த இடத்தில் "உங்களால முடிஞ்சதைச் செய்யுங்க" என்று நானே சொல்லிவிடுவேன். ஐயாயிரம் வரும். அது பணிவு என்று நினைத்திருந்தேன். கொடுக்க வந்தவருக்கு விவரம் சொல்லாமல் விட்ட தப்பு அது. இந்தத் தடவை, "ரெண்டு லட்சத்துப் பதினாறாயிரம்ங்க. மூணு வருசத்துக்கு நீங்க ஏத்துக்கணும்" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்தேன். நெஞ்சு அடித்துக்கொண்டது. "தம்பிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறனுங்க" என்றார். ஒன்பதாம் நாள் காசோலை வந்தது.

எல்லாம் இப்படி அமையவில்லை. ஒருவர் மஞ்சப்பையில் மூன்று லட்சம் ரொக்கமாகக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். பேர் போடக் கூடாது என்றார். ஒரே ஆளிடம் இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கியவருக்கு அதே அளவு அபராதம் வரலாம். கொடுப்பவருக்கோ, 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், அப்போது 80ஜி என்று சொன்ன நன்கொடைக்கான வருமான வரிக்கழிவு கிடையாது. ஊருக்குத் தெரியாமல் கொடுக்கலாம், எங்கள் கணக்குப் புத்தகத்துக்குத் தெரியாமல் கொடுக்க முடியாது என்று விளக்கினேன். அப்போதைய விதிப்படி வருடா வருடம் மே 31க்குள் வருமான வரித் துறையின் 10பிடி படிவத்தில் ஒவ்வொரு கொடையாளரின் விவரத்தையும் ஏற்றினால்தான் அவருக்கு வரிக்கழிவுக்கான 10பிஇ சான்றிதழ் கிடைக்கும். பையை எடுத்துக்கொண்டு போனவர் திரும்ப வரவில்லை. அவரிடம் நான் இன்னும் பொறுமையாகப் பேசியிருக்க வேண்டும்.

அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்ட உள்ளூர் டாக்டர் ஒருவர் பெரிய தொகை தர முன்வந்தார். வெளிநாட்டு நன்கொடை வாங்கத் தேவையான எஃப்சிஆர்ஏ பதிவு எங்களுக்கு இல்லை. "என் கணக்குக்கு அனுப்பச் சொல்றேன், நான் குடுத்துடறேன்" என்றார் அவருடைய அண்ணன். வேண்டாம் என்றுதான் சொன்னோம். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் வெளிநாட்டிலிருந்து தன் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. குடியுரிமை மாறிவிட்டால் ஆகும். இந்த வித்தியாசம் தெரியாமல் மாட்டிக்கொள்ளும் சின்ன டிரஸ்ட்டுகளை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

கொடையாளர் பெயரை எங்கே போடுவது என்ற விஷயத்தில் டிரஸ்டிகளுக்குள் பெரிய வாக்குவாதம் நடந்தது. வேனின் கதவில் பெயர் போடலாம், நோயாளியின் பக்கத்தில் நின்று படம் எடுக்கக் கூடாது என்று முடிவு செய்தோம். ஒரு குடும்பம் அதனால் விலகியது. அந்த முடிவை நான் இன்றும் மாற்ற மாட்டேன்.

கொடையாளர்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒரு பக்கக் கடிதம் போகும், தமிழில். எத்தனை வீடு போனோம், எத்தனை பேர் இறந்தார்கள், மருந்துக்கு என்ன செலவு. கடைசி நாட்களில் வலியில்லாமல் போனவர் ஒருவரைப் பற்றி, பெயர் இல்லாமல், நாலு வரி. பணம் கேட்டு அதில் ஒரு வார்த்தையும் இருக்காது. இப்போது பெரிய தொகை கொடுக்கும் பதினோரு குடும்பங்கள் இருக்கின்றன. மொத்தச் செலவில் கால் பங்குக்கு மேல் யாரிடமும் வாங்குவதில்லை.

அந்தக் கட்டுப்பாடுதான் 2025இல் எங்களைக் காப்பாற்றியது. ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத இறக்குமதி வரி போட்டதும் இரண்டு பேர் தவணையைத் தள்ளிப்போடச் சொன்னார்கள். தறிகளும் தையல் மிஷின்களும் நிற்கும்போது நானும் வற்புறுத்தவில்லை. நீலக் கட்ட விரிப்பைப் புரட்டிப் பார்த்தவரும் அதில் ஒருவர். இந்த வருடம் பாதித் தொகைதான் அனுப்பினார், அதையும் கூப்பிட்டு வருத்தத்தோடு சொன்னார். மீதியைப் பற்றிப் பேச வைகாசி முடிந்து போகவேண்டும். கணக்கை இப்போது அவர் மருமகள் பார்க்கிறாராம். அந்த மருமகள் இன்னும் எங்கள் வேனில் ஏறியதில்லை.