லானோ ஆற்றங்கரையில் நிலம் வாங்குகிறவர்கள் முதலில் பாதையைப் பாருங்கள்

போன வாரம்தான் கையெழுத்து முடிந்தது. டெக்சஸ் ஹில் கன்ட்ரியில், மேசனுக்கும் ஜங்ஷனுக்கும் நடுவில், லானோ ஆற்றை ஒட்டி 22 ஏக்கர். மேடெல்லாம் லைவ் ஓக் மரங்கள், சாயங்காலமானால் நம் புள்ளிமான்கள் (1930களில் இங்கே கொண்டுவந்து விட்டவை). விலை, கடன் எதிலும் சிக்கலில்லை. எங்களைப் படாதபாடு படுத்தியது பாதைதான்.

விளம்பரத்தில் ‘லீகல் ஆக்சஸ்’ (சட்டப்படி போய்வரும் உரிமை உண்டு) என்று போட்டிருந்தார்கள். நேரில் போனால், பக்கத்துப் பண்ணைக்குள் நுழைந்து இரண்டு கேட் தாண்ட வேண்டும். கேட்டில் ஒரே சங்கிலி, அதில் நாலைந்து பூட்டுகள் ஒன்றோடொன்று கோத்துத் தொங்கின. ஆளுக்கொரு பூட்டு; எதைத் திறந்தாலும் கேட் திறக்கும். சரி, சாவி தருவார்கள். போகும் உரிமை எந்தப் பத்திரத்தில் இருக்கிறது? “இத்தனை வருஷமா எல்லாரும் இப்படித்தான் போறாங்க” என்றார் ரியல்டர் (நிலத் தரகர்). நில உரிமையைச் சரிபார்த்து அதற்கு இன்சூரன்ஸ் தரும் டைட்டில் கம்பெனிப் பெண்மணியோ “கமிட்மென்ட் அனுப்பிட்டோமே, அதுலயே இருக்கும்” என்றதோடு சரி (எந்த நிபந்தனைகளில் இன்சூரன்ஸ் தருவார்கள் என்று சொல்லும் ஆவணம்தான் கமிட்மென்ட்). அப்புறம் எந்த மெயிலுக்கும் பதில் இல்லை. காரணம் சொல்லாமல் விலகிக்கொள்ளும் ஆப்ஷன் காலமோ கரைந்துகொண்டே இருந்தது.

கமிட்மென்டில் ஷெட்யூல் பி பகுதியை வரி விடாமல் படியுங்கள். இன்சூரன்ஸ் எதற்கெல்லாம் பொறுப்பேற்காது என்ற பட்டியல் அது. எங்கள் பாதை அதில்தான் இருந்தது. பத்திரங்கள் பதிவாகும் கவுன்டி (மாவட்ட) கிளார்க் அலுவலகத்தில் மூலப் பத்திரத்தின் நகல் வாங்கி வக்கீலிடம் காட்டினோம். பழைய உரிமையாளர் ஒருவருக்கு மட்டும் கொடுத்த அனுமதியாம், நிலத்தோடு கைமாறாது. உடனே விலகல் கடிதத்தின் வரைவை ரியல்டருக்கு அனுப்பினேன். அதுவரை பேச்சு மூச்சில்லாமல் இருந்த விற்பவர், அன்று சாயங்காலமே ஆப்ஷன் காலத்தை நீட்டிக் கையெழுத்துப் போட்டார்.

பக்கத்துப் பண்ணைப் பெரியவர் தங்கமானவர். மாடு வெளியே போகாதபடி கேட்டைச் சாத்திவிட்டுப் போக வேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது. அதையும் எழுதி, நிலத்தோடு கூடவே வரும் வழியுரிமையாக (ஈஸ்மென்ட்) பதிவு செய்தோம். அதன் பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது.

இன்னொன்று. வீடு கட்ட அருமையான இடம் என்று பீக்கன் மரத்தடியைக் காட்டினார்கள். அண்ணாந்து பார்த்தால், தலைக்கு மேலே கிளைக் கவட்டில் வெள்ளம் கொண்டுவந்து செருகிய கட்டையும் முள்கம்பியும். அரசின் பேரிடர் அமைப்பான ஃபீமாவின் வரைபடத்திலும் அந்த இடம் வெள்ள எல்லைக்குள். 2018 அக்டோபரில் இதே லானோ கிங்ஸ்லேண்டில் பாலத்தையே அடித்துக்கொண்டு போனது. 2025 ஜூலை 4 அன்று குவாடலூப்பே ஆற்று வெள்ளம் கெர் கவுன்டியில் மட்டும் நூறு பேருக்கு மேல் காவு வாங்கியது. தயவுசெய்து கரையோரத்தில் வீடு கட்டாதீர்கள். நாங்கள் மேட்டில்தான் கட்டப்போகிறோம்.

ஆறு நமக்குச் சொந்தம் என்றும் நினைக்காதீர்கள். சராசரி அகலம் 30 அடி இருந்தாலே படுகை பொதுச் சொத்து; கயாக் படகில் வருபவர்களைத் தடுக்க முடியாது. நிலத்தடிக் கனிம உரிமையும் பல நிலங்களில் எப்போதோ பிரிந்து வேறொருவரிடம் போயிருக்கும், எங்களுடையதிலும் அப்படித்தான்.

விவசாய மதிப்பீட்டு வரிச்சலுகை (சந்தை விலைக்கு இல்லாமல், விவசாயப் பயன்பாட்டு மதிப்புக்கு நிலவரி போடுவது) தானாகத் தொடராது. கைமாறினால் வாங்கியவர் மே 1க்கு முன் வரிக்காக நிலத்தை மதிப்பிடும் அப்ரைசல் அலுவலகத்தில் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். இதை எங்களிடம் யாருமே சொல்லவில்லை, படிவத்தை நாங்களே தேடி எடுத்தோம்.