முக்கோணத்துக்குள் ஒரு எண்

பிளாஸ்டிக் டப்பாவின் அடியில் அம்புக்குறி முக்கோணம், அதற்குள் ஒரு எண். பார்த்திருப்பீர்கள். மறுசுழற்சி ஆகிவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கிடையாது. எந்த வகை பிளாஸ்டிக் என்று மட்டும்தான் அது சொல்கிறது. 1988-ல் வந்த குறியீடு. 1 தண்ணீர் பாட்டில், 2 கெட்டியான ஷாம்பு பாட்டில். இவற்றை வாங்க ஆள் உண்டு. 6, 7 எல்லாம் பெரும்பாலும் குப்பைக்குத்தான்.

சிப்ஸ் பாக்கெட்டைக் கிழித்துப் பாருங்கள், உள்பக்கம் வெள்ளியாய் மினுங்கும். பிளாஸ்டிக் மேல் மெல்லிய அலுமினியப் பூச்சு. அதைப் பிரித்தெடுப்பது யாருக்கும் கட்டுப்படியாகாது. அதனால் பொறுக்கவும் ஆளில்லை, காற்றோடு சாக்கடைக்குப் போகிறது.

2015 வரை உலகில் குப்பையான பிளாஸ்டிக்கில் மறுசுழற்சி ஆனது சுமார் 9 சதவீதம். சரி, தெருவில் வீசுவது தப்புதான். ஆனால் பிரிக்கவே முடியாத மாதிரி செய்து விற்றவர்களை ஏன் யாரும் கேட்பதில்லை?