மிடில்வெயிட்டில் ஹேக்லர்தான்

கொழிஞ்சாம்பாறையில் எங்கள் செட்டில் எல்லாருக்கும் பந்துப் பைத்தியம், ஆனால் பாக்ஸிங் பேச்சு வந்துவிட்டால் கடை சாத்தும்வரை ஓயாது. இந்த வாரம், 160 பவுண்டு எடைப் பிரிவான மிடில்வெயிட்டில் எல்லாக் காலத்துக்கும் சிறந்த ஆள் யார் என்ற சண்டை.

மூத்த அண்ணன் ஒருவர் சுகர் ரே ராபின்சனைத் தவிர யாரையும் ஏற்கமாட்டார். 1951ல் அப்போதைய சாம்பியன் லமோட்டாவை 13வது ரவுண்டில் நிறுத்தியவர், மிடில்வெயிட் பட்டத்தை ஐந்து முறை வென்றவர், சரி. ஆனால் அவருடைய உச்சம் அதற்குக் கீழே உள்ள வெல்டர்வெயிட் எடைப் பிரிவில். மிடில்வெயிட்டில் டர்பின், ஃபுல்மர், பாசிலியோ எல்லாரிடமும் தோற்றிருக்கிறாரே!

அர்ஜென்டினாக்காரர் கார்லோஸ் மான்சோனைத் தள்ளுவது எனக்கே கஷ்டம். 1970ல் ரோமில் அப்போதைய சாம்பியன் பென்வெனுட்டியை வீழ்த்தி, 14 முறை பட்டத்தைக் காத்து, 1977ல் சாம்பியனாகவே ஓய்வுபெற்றார். பின்னால் வந்த அமெரிக்கர் பெர்னார்ட் ஹாப்கின்ஸ் 20 முறை காத்தார், எண்ணிக்கையில் அவரே மேலே, ஆனால் எதிராளிகளின் தரம் அந்த அளவுக்கு இல்லை.

என் ஓட்டு மார்வின் ஹேக்லருக்கு. 1985 ஏப்ரலில் தாமஸ் ஹெர்ன்ஸோடு நடந்த சண்டையைப் பாருங்கள், முதல் ரவுண்டிலேயே நெற்றி கிழிந்து ரத்தம் வழிகிறது, மூன்றாவது ரவுண்டில் டாக்டர் வந்து காயத்தைப் பார்க்கிறார், ஆட்டத்தை நிறுத்திவிடுவார்களோ என்ற நிலையில் இவர் பாய்ந்து போய் அதே ரவுண்டில் ஹெர்ன்ஸைச் சாய்த்துவிடுகிறார். இடது கைக்காரர் போல நின்று ஆடுவார், வேண்டும்போது வலதுக்கும் மாறுவார், தாடை கருங்கல். 1987ல் சுகர் ரே லெனர்டுக்குக் கொடுத்த அந்தப் பிளவுத் தீர்ப்பை (மூன்று நடுவர்களில் இருவர் லெனர்டுக்கு, ஒருவர் ஹேக்லருக்கு) நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.