12 கம்பி கிட்டாரை ஆக்டேவ் மாண்டலினாக்கிப் பார்த்ததில்

ஆக்டேவ் மாண்டலின் வாங்கக் கிளம்புகிறவர் பையில் ஒரு இன்ச் டேப் இருக்கட்டும். கடைக்காரர் ‘ஐரிஷ் பூசூக்கி’ என்பார், ‘ஆக்டேவ் மாண்டலின்’ என்பார், சில சமயம் ஒரே வாத்தியத்துக்கு இரண்டு பெயரையும் சொல்வார். நட்டிலிருந்து (தலைப் பக்கம் கம்பி உட்காரும் பள்ளக் கட்டை) பிரிட்ஜ் வரை (உடல்மேல் கம்பியைத் தாங்கும் கட்டை) கம்பி ஒலிக்கிற நீளம், அதாவது ஸ்கேல், எவ்வளவு என்று அளந்தால் போதும். சாதாரண மாண்டலினில் அது 14 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. ஆக்டேவ் மாண்டலின் பெரும்பாலும் 20 முதல் 23. அதற்கு மேலே போனால் பூசூக்கி. சுருதி மாண்டலினுக்குரிய அதே ஜி–டி–ஏ–ஈ, ஒரு ஸ்தாயி கீழே. கம்பி எட்டு, இரண்டிரண்டாக நான்கு ஜோடி.

இந்தச் சுருதியில் ஒரு கம்பியின் 7-வது ஃப்ரெட்டும் (ஃப்ரெட் என்பது நெக்கில், அதாவது வாத்தியத்தின் கழுத்தில், குறுக்கே பதித்த உலோகப் பட்டை) அடுத்த கம்பியின் திறந்த ஸ்வரமும் ஒன்று. எனவே ஆள்காட்டி விரல் 2-லும் சுண்டுவிரல் 7-லும் இருக்கிற மாதிரி கை விரிய வேண்டும். மாண்டலினில் அந்த இடைவெளி சுமார் 79 மி.மீ. 20 அங்குல ஸ்கேலில் 114, 22-ல் 125, முழு கிட்டார் அளவான 25.5-ல் 145. கடைசி அளவில் மாண்டலின் விரலமைப்பு யாருக்கும் எளிதில் வராது. கிட்டார் மாதிரி ஃப்ரெட்டுக்கு ஒரு விரல் என்று வைத்துக் கையை நகர்த்தி வாசிக்க வேண்டியதுதான்.

கை ஒத்துழைக்குமா என்று தெரிந்துகொள்ளச் செலவே இல்லாத வழி ஒன்று உண்டு. 22–23 அங்குல ஸ்கேல் உள்ள ஸ்டீல் கம்பி சிறிய கிட்டாரில் ஆறு கம்பியையும் கழற்றிவிட்டு நான்கு கம்பியை மட்டும் ஜி–டி–ஏ–ஈ கட்டுவது. ஜோடி இல்லை, ஒற்றைக் கம்பிதான். நான்கு கம்பி டெனர் கிட்டார் வாசிப்பவர்களில் பலர் இதே சுருதியைத்தான் வைக்கிறார்கள். நைலான் கம்பி கிட்டாரில் மட்டும் இதைச் செய்ய வேண்டாம். அதன் மேல்பலகை ஸ்டீல் கம்பியின் இழுவைக்குச் செய்ததல்ல, பிரிட்ஜுக்குப் பின்னால் வயிறு தள்ளும், பிறகு பிரிட்ஜே பெயர்ந்து வரும்.

ஜோடிக் கம்பியின் மினுமினுப்பு வேண்டும் என்றால் பழைய 12 கம்பி கிட்டார். கம்பியை முறுக்கும் கீ பன்னிரண்டு இருக்கிறது, பிரிட்ஜில் கம்பி முனையைப் பிடிக்கும் பின்னுக்கும் பன்னிரண்டு துளை இருக்கிறது, எங்கும் துளை போட வேண்டாம். ஆறு கம்பி கிட்டாரை மாற்றுவதானால் தலையில் இரண்டு கீ புதிதாகச் சொருக வேண்டும், அது வேறு தலைவலி.

முதல் கட்டத்துக்குக் கம்பிகூட வாங்க வேண்டாம். கிட்டாரில் வழக்கமான 10–47 செட் இருப்பதாக வைத்துக்கொள்வோம் (இந்த எண்தான் கேஜ், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில் கம்பியின் தடிமன்). ஓரத்து இரண்டு ஜோடிகளை விட்டுவிட்டு நடு நான்கு ஜோடிகள் மட்டும். 5-வது ஜோடியை (39, 18) ஏ-யிலிருந்து ஜி-க்கு இறக்கியாயிற்று. 4-வது ஜோடி (30, 12) ஏற்கெனவே டி, தொட வேண்டாம். 3-வது ஜோடியைக் கழற்றி, அங்கே 2-வது ஜோடியின் 14 கேஜ் கம்பிகள் இரண்டையும் போட்டு ஏ. காலியான 2-வது இடத்தில் முதல் ஜோடியின் 10 கேஜ் கம்பிகள், ஈ. பழைய கம்பியை இடம் மாற்றும்போது கீயில் சுற்றிய மடிப்பில் ஒன்றிரண்டு அறுந்துபோகும், அதற்கு மட்டும் உதிரி வைத்துக்கொள்ளலாம். 14 கேஜ் ஏ-க்குக் கொஞ்சம் தளர்ச்சிதான், 16 போட்டால் சரியாக நிற்கும்.

அராவ வேண்டியது ஒரே ஒரு பள்ளம்: நட்டில் 3-வது ஜோடியின் மெல்லிய கம்பிக்கானது. அது 8 கேஜுக்கு வெட்டியது, 14 அதில் இறங்காமல் மேலேயே உட்காரும். நட் அரம் வாங்கினால் கிட்டாரைவிட அதற்குச் செலவாகும். ஹார்டுவேர் கடையில் கேஸ் வெல்டிங்குக்கு விற்கும் டிப் கிளீனர் போதும், அதன் மெல்லிய ஊசிகள் இந்த வேலைக்கு அளவெடுத்த மாதிரி. பள்ளம் தலைப் பக்கம் லேசாகச் சரிய வேண்டும். 3-வது ஃப்ரெட்டை அழுத்திப் பிடித்துப் பார்த்தால் முதல் ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு காகிதம் நுழையும் இடம் இருக்கட்டும். அதற்குக் கீழே இறங்கினால் திறந்த கம்பி இரையும், நட்டை மாற்றுவதைத் தவிர வழி இல்லை.

இனி நெக். 12 கம்பியும் இருந்தபோது மொத்த இழுவை சுமார் 110 கிலோ. எட்டுக் கம்பியில் அது 64 கிலோவுக்கு இறங்கிவிடுகிறது. நெக்குக்குள் கம்பி இழுவையை எதிர்க்கும் இரும்புத் தண்டான ட்ரஸ் ராட் மட்டும் பழைய இறுக்கத்திலேயே நிற்பதால் நெக் பின்பக்கம் வளையும், முதல் நான்கைந்து ஃப்ரெட்டில் எல்லாக் கம்பியும் இரையும். பலர் இந்த இடத்தில் நட்டைக் குறை சொல்லி அதை உயர்த்துகிறார்கள். வேண்டாம். ட்ரஸ் ராடைக் கால் சுற்று தளர்த்தி, ஒரு நாள் விட்டுப் பார்த்து, தேவையானால் இன்னொரு கால் சுற்று. 1-வது ஃப்ரெட்டையும் நெக் உடலோடு சேரும் ஃப்ரெட்டையும் ஒரே கம்பியில் அழுத்தினால் நடுவில் 0.2 மி.மீ. அளவு இடைவெளி தெரிய வேண்டும். அதன் பிறகே 12-வது ஃப்ரெட்டில் உயரம்: ஜி கம்பிக்கு 2.2 மி.மீ., ஈ-க்கு 1.7 இருந்தால் சுகமாக இருக்கும்.

கம்பி கழற்றிய கீகளும் பின்களும் சும்மா இருக்காது. கம்பி இல்லாத கீயின் வளையம் குறிப்பிட்ட ஸ்வரத்துக்கு மட்டும் அதிர்ந்து, வாத்தியத்தில் எங்கோ விரிசல் என்று பயமுறுத்தும். ஸ்பேனரால் இறுக்கினால் நின்றுவிடும். காலி பின்களைத் துளையில் அழுத்தியே வைக்கவும்.

இப்படிக் கட்டியதில் ஜி-யும் டி-யும் தடித்த கம்பியோடு ஒரு ஸ்தாயி மேலுள்ள மெல்லிய கம்பி சேர்ந்த ஜோடிகள். பாட்டுக்குப் பின்னணியாக மீட்டும்போது இது பிரமாதம். மெட்டு வாசிக்கும்போது அப்படியில்லை. பிக் கீழே போகும்போது ஒரு கம்பி முந்துகிறது, மேலே வரும்போது மற்றது முந்துகிறது, ஒரே ஸ்வரம் ஸ்தாயி மாறி மாறிக் கேட்கிறது. மெட்டுதான் நோக்கம் என்றால் ஒரே கேஜ் ஜோடிகளுக்கு மாறுவதே சரி.

இரண்டாம் கட்டம் அதற்குத்தான், கூடவே ஸ்கேலையும் குறைக்கலாம். 2-வது ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பியையும் ஒருசேர அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டால் 25.5 அங்குலம் 22.7 ஆகிறது, நெஞ்சில் கை வைத்து ஆக்டேவ் மாண்டலின் என்று சொல்லலாம். திறந்த கம்பிகளை எஃப்–சி–ஜி–டி என்று ஒரு முழு ஸ்வரம் கீழே கட்டினால் கேப்போவுக்கு மேலே ஜி–டி–ஏ–ஈ வரும். அதற்கான கேஜ்கள், தடித்ததிலிருந்து: 42, 28, 18, 12, ஒவ்வொன்றிலும் இரண்டு. நட்டில் சிறிய பள்ளங்களைப் பெரிதாக்கித்தான் ஆக வேண்டும். ஆனால் நட்டின் வேலையைக் கேப்போ பார்த்துக்கொள்வதால் ஆழம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் தெரியாது. 18 கேஜ் வெறுங்கம்பி மேல் ஃப்ரெட்டுகளில் சுருதி ஏறி ஒலிக்கும், 20 கேஜ் சுற்றுக்கம்பி போட்டால் அந்தக் கோளாறு பெருமளவு அடங்கும். நெக்கின் புள்ளிகள் இனி பொய் சொல்லும். 9-ல் இருக்கும் புள்ளிதான் உங்கள் 7. பக்கவாட்டில் சின்ன ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ளுங்கள்.

சுருதி சேர்க்க மின்னணு டியூனரை ஜோடியில் ஒரு கம்பிக்கு மட்டும் பயன்படுத்துங்கள். மற்றதைக் காதால், கீழிருந்து மேலே ஏற்றி, அலையடிப்பு நிற்கும் வரை. ஜோடியில் ஒன்றை மட்டும் புதிதாக மாற்றினால் மேல் ஃப்ரெட்டுகளில் இரண்டும் பிரிந்துகொண்டே இருக்கும், இரண்டையும் சேர்த்தே மாற்றுவது உத்தமம். கமகத்துக்காக இதை வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இரண்டு கம்பியைச் சம அளவில் இழுப்பது பெரும்பாடு. உ. ஸ்ரீநிவாஸ் கையில் இருந்தது ஒற்றைக் கம்பி எலக்ட்ரிக் மாண்டலின் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

மாற்றிய கிட்டாரின் குறை சத்தம். 110 கிலோவைத் தாங்கச் செய்த உள்கட்டைகள் 64 கிலோவுக்கு முழுசாக அசைந்து கொடுப்பதில்லை. தனியாக வாசிக்கப் போதும், ஃபிடிலும் அக்கார்டியனும் நடுவே காணாமல் போகும். அப்போது நிஜ வாத்தியம்தான் தேவை. தொடக்க விலையில் ரொமேனியாவின் ரேகின் ஊரில் செய்யப்படும் ஹோரா, பிறகு டிரினிட்டி காலேஜ், ஆஷ்பரி, கோல்ட் டோன், ஈஸ்ட்மன் போன்ற பெயர்கள் கண்ணில் படும். எதுவானாலும் பிரிட்ஜ் ஒட்டியதா, நகர்த்தக்கூடியதா என்று பாருங்கள். நகர்த்தக்கூடியது என்றால் 12-வது ஃப்ரெட்டில் அழுத்திய ஸ்வரமும் அதே இடத்து ஹார்மோனிக்கும் (அழுத்தாமல் விரலால் லேசாகத் தொட்டு மீட்டினால் வரும் ஸ்வரம்) ஒன்றாகும் வரை நீங்களே தள்ளிச் சரிசெய்யலாம். அழுத்திய ஸ்வரம் உயர்ந்து ஒலித்தால் பிரிட்ஜ் டெயில்பீஸ் பக்கம், அதாவது உடலின் அடியில் கம்பி முனைகளை மாட்டும் தகட்டின் பக்கம், போக வேண்டும்.

அப்படிப்பட்ட டெயில்பீஸ் பலவற்றில் வளைய முனைக் கம்பிதான் மாட்டும், நம் கடைகளில் கிடைப்பதோ குண்டு முனைக் கிட்டார் கம்பி. கட்டிங் பிளேயரால் அந்தப் பித்தளைக் குண்டை நசுக்கி உடைத்து எடுத்துவிட்டால் வளையம் மிஞ்சும். குண்டின் துண்டு தெறிக்கும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.