உப்பு ஒத்தடமும் ஹைபெக்கும்

காவேரிப்பட்டணத்தில் மாந்தோப்பு வைத்திருக்கும் எங்கள் பெரியப்பாவுக்கு இரைப்பையில் புற்றுநோய். பார்க்க வருகிறவர்களில் பலர் பெரியம்மாவிடம் சொல்லிவிட்டுப் போவது இதுதான்: "புத்துக்கட்டி சூடு தாங்காதாம், உப்பை வறுத்து ஒத்தடம் குடுங்க." கொதிக்கக் கொதிக்க வெந்நீர் குடிக்கச் சொன்னவர்களும் உண்டு. ஓசூரில் மருந்துக்கடையில் வேலை பார்ப்பதால் பெரியம்மா என்னைத்தான் கேட்கிறார்.

வெந்நீர் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். 65 டிகிரிக்கு மேல் சூடாகக் குடிப்பது உணவுக்குழாய்ப் புற்றுக்குக் காரணமாகலாம் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-இலேயே சொல்லிவிட்டது. ஒத்தடச் சூடு தோலைத்தான் பொசுக்கும். இரைப்பைக் கட்டி வரை போகாது.

ஆனால் வெப்பத்தைப் பயன்படுத்தும் சிகிச்சை உண்மையிலேயே இருக்கிறது. அதன் பெயர் ஹைபெக். இரைப்பைப் புற்று, வயிற்றின் உட்சுவரைப் போர்த்தியிருக்கும் ஜவ்வில் மணி மணியாகப் பரவும். ரத்தத்தில் ஏற்றும் கீமோ அங்கே போதுமான அளவு போய்ச் சேராது. அதனால் கண்ணுக்குத் தெரியும் கட்டிகளையெல்லாம் அறுவை செய்து எடுத்த பிறகு, சிஸ்பிளாட்டின், மைட்டோமைசின் போன்ற மருந்துகளை 41 முதல் 43 டிகிரி வரை சூடாக்கி, வயிற்றுக்குள் ஒரு மணி நேரம் போலச் சுழல விடுகிறார்கள். அந்தச் சூட்டில் செல்லுக்குள் மருந்து கூடுதலாக இறங்கும். ஆனாலும் கட்டிக்குள் சில மில்லிமீட்டர்தான் ஊடுருவும், பெரிய கட்டி மிச்சம் இருந்தால் பிரயோஜனமில்லை. சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும்.

பலனையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2019-இல் வெளியான பிரெஞ்சு ஆய்வில், அறுவையோடு ஹைபெக்கும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள், அதாவது பாதிப் பேராவது உயிரோடு இருந்த காலம், 18.8 மாதம், அறுவை மட்டும் செய்தவர்களுக்கு 12.1. ஜெர்மனியின் காஸ்ட்ரிபெக் ஆய்வில் இரு தரப்புக்கும் அதே 14.9 மாதம்தான். நோய் மறுபடி தலைதூக்குவது மட்டும் தள்ளிப்போனது.

பெரியப்பாவுக்கு பெங்களூரில் லேப்ராஸ்கோப்பி, அதாவது வயிற்றில் சின்னத் துளை போட்டு கேமராவை விட்டுப் பார்க்கும் சோதனை, பார்த்தார்கள். சிறுகுடல் நெடுக மணிகள் இருந்தன. "எல்லாத்தையும் எடுக்க முடியாதுங்க, வயித்தைத் திறந்தா அவருக்கு வேதனைதான் மிச்சம்" என்றார் அறுவை மருத்துவர். தோப்பை விற்றாவது செய்கிறோம் என்று அண்ணன் கெஞ்சினான். அவர் அசையவில்லை. அந்த நேர்மைக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். யாராவது ஹைபெக் செய்யலாம் என்று சொன்னால் தோப்பு, நகையெல்லாம் அப்புறம். லேப்ராஸ்கோப்பி பார்த்தாச்சா, கட்டியை முழுக்க எடுக்க முடியுமா, சிறுநீரகம் தாங்குமா என்று முதலில் கேளுங்கள்.

பெரியப்பாவுக்கு இப்போது கீமோ ஓடுகிறது. ராகிக்கூழ் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது. பார்க்க வருகிறவர்கள் வைத்தியம் சொல்வதை விட்டு, பெங்களூருக்கு ஒரு நடை துணைக்கு வந்தால் பெரியம்மாவுக்கு எவ்வளவோ உதவியாக இருக்கும்.